சாமி கேட்ட அரை மணி நேரம்

போன சனிக்கிழமை என் மகளுக்குச் சாமி வந்தது.

இதை நான் சொல்லவில்லை. ஊர் முடிவு செய்தது. ஊர் முடிவு செய்த பிறகு பெற்றவளின் கருத்தை யார் கேட்கிறார்கள்?

சுங்கைப் பட்டாணிக்கு வெளியே ஒரு பழைய எஸ்டேட் மாரியம்மன் கோயில். எஸ்டேட் போய் வீடமைப்புப் பகுதி வந்து பல வருடம் ஆகிவிட்டது. ரப்பர் மரம் என்று காட்ட ஒன்றுகூட இல்லை. கோயிலும், அதற்கு எதிரே தமிழ்ப்பள்ளியும் மட்டும் நகர மாட்டேன் என்று நிற்கின்றன. அங்கே ஆண்டுத் திருவிழா. தீபாராதனை நேரம். உருமி மேளம் காதைப் பிளக்கிறது. என் மகள் யாழினிக்குப் பத்து வயது, நான்காம் ஆண்டு படிக்கிறாள். முன்வரிசையில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திடீரென்று அவள் கழுத்து வலப்பக்கம் வெட்டியது. தோள் மேலே ஏறி இறங்கியது. தொண்டையிலிருந்து 'ம்க்' என்று ஒரு சத்தம். ஒரு முறை, இரண்டு முறை... மேளம் ஏற ஏற அவளுக்கும் ஏறியது.

பக்கத்தில் நின்றவர்கள் பயபக்தியோடு விலகி வட்டம் விட்டார்கள். ஓர் அக்கா ஓடி வந்து நெற்றி நிறையத் திருநீறு பூசினார். இன்னொருவர் கையில் வேப்பிலையைத் திணித்தார். நாலைந்து பேர் ஃபோனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். அது இல்லாமல் இப்போதெல்லாம் எந்தச் சாமியும் வருவதில்லை.

"இது சாமி இல்லக்கா, நரம்புப் பிரச்சனை. டிக்ஸ்னு சொல்வாங்க" என்று அந்த அக்காவின் காதில் கத்தினேன். "ஆமாமா, தாய்தான் வந்திருக்கு" என்று அவர் திருப்பிக் கத்தினார். உருமிக்கு நடுவில் மருத்துவ விளக்கம் கொடுக்கப் போன என்னைத்தான் சொல்ல வேண்டும்.

அப்போது மாணிக்கம் அண்ணன் வந்தார். டயர் கடை வைத்திருப்பவர், கோயில் கமிட்டியில் பெரிய ஆள். மஞ்சள் வேட்டி, வெற்று மார்பு. என் பத்து வயது மகளின் முன்னால் இடுப்பு வரை குனிந்து கைகூப்பினார். பிறகு குரலைத் தாழ்த்தி, வேறு யாருக்கும் கேட்டுவிடக் கூடாதே என்ற கவலையோடு கேட்டார்.

"தாயே... நாலு நம்பர் சொல்லு தாயே."

நம் ஊரில் அம்மன் இவ்வளவு தூரம் இறங்கி வருவது எதற்கு? வார இறுதி லாட்டரிக் குலுக்கலுக்கு நாலு நம்பர் சொல்லத்தானே? நோய் தீர்க்க, நீதி கேட்க என்று வேறு வேலை எதுவும் அவளுக்குக் கிடையாது.

யாழினி என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மரியாதையாகச் சொன்னாள்.

"அங்கிள், எனக்கு மேத்ஸ் வராது."

மாணிக்கம் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு இதன் உட்பொருளைச் சிந்தித்தார். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு, விரல் விட்டு எதையோ எண்ணியபடி பின்னால் நகர்ந்தார். அவள் தோள் எத்தனை முறை குலுங்கியது என்று எண்ணியிருப்பார் என்பது என் சந்தேகம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நாங்களும் காரில் சிரித்துக்கொண்டுதான் வந்தோம். ஆனால் போன வருடம் இதே சமயத்தில் நாங்கள் சிரிக்கவில்லை. அந்தக் கதையைத்தான் இந்த வாரப் பத்தியில் சொல்லப் போகிறேன். யாழினியிடம் அனுமதி வாங்கிவிட்டேன். "என்னைப் பாவமா எழுதாதீங்க" என்பது மட்டும்தான் அவள் போட்ட நிபந்தனை.

ஏழு வயதில் ஆரம்பித்தது. முதலில் கண் சிமிட்டல். கண் டாக்டரிடம் போனோம், கண்ணில் ஒன்றுமில்லை என்றார். பிறகு கழுத்து. பிறகு தோள். பிறகு அந்தத் தொண்டைச் சத்தம். அவள் வேண்டுமென்றே செய்வதில்லை. உடம்பு தானாகச் செய்கிறது. கொஞ்ச நேரம் அடக்கி வைக்கலாம். அடக்கியது அப்புறம் வட்டியோடு வரும். சந்தோஷமோ பயமோ அதிகமானால் இதுவும் அதிகமாகும். நான் ஒருமுறை எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு அவள் சொன்னாள்: "தும்மல் வர்ற மாதிரி இருக்கும்மா. ஆனா மூக்குல இல்ல, தோள்ல."

இதைவிடத் தெளிவாக எந்த டாக்டரும் எனக்கு விளக்கவில்லை.

டாக்டர்கள்தான் விளக்கவில்லையே தவிர, ஊரில் நிபுணர்களுக்குப் பஞ்சமில்லை. பக்கத்து வீட்டில் பூச்சி மருந்து கொடுக்கச் சொன்னார்கள். அலுவலகத்தில் ஃபோனைப் பிடுங்கச் சொன்னார்கள். பாலிங்கில் இருக்கும் என் நாத்தனார், அங்கே ஒருவர் மந்திரித்த கயிறு கட்டுகிறார், கட்டினால் மூன்றே நாளில் நின்றுவிடும் என்றார். கட்டினோம். கயிறு மூன்று நாளில் அறுந்தது. "வேலைக்குப் போற அம்மா, பிள்ளைக்கு ஏக்கமா இருக்கும்லா" என்று ஒருவர் மிக அன்பாகச் சொன்னார். வேலைக்குப் போகிற அப்பாவைப் பார்த்து ஒரு பிள்ளையும் ஏங்குவதில்லை போலிருக்கிறது. என் கணவர் சேகர் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இதெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். எழுத்து என்று ஒன்று வந்தது பாருங்கள்.

மூன்றாம் ஆண்டில் யாழினியின் நோட்டுப் புத்தகங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தன. வரிகள் கோட்டை விட்டு மேலே போகும், கீழே விழும். நடுவில் ஒரு கோடு தாள் முழுக்கக் கிழித்துக்கொண்டு ஓடியிருக்கும். தோள் குலுங்கிய இடம் அது. சில இடங்களில் ஓட்டை. ஏன் ஓட்டை? ஒரு எழுத்தை எழுதினால் அது 'சரியாக' வந்த மாதிரி தோன்றும் வரை அதன் மேலேயே திரும்பத் திரும்ப எழுதுவாள். பெயரில் வேறு ஒரு 'ழ' இருக்கிறதா... முதல் பக்கத்தில் பெயர் எழுதும்போதே தாள் பொத்துக்கொள்ளும். கேள்வி ஒன்றுக்குப் போவதற்குள் மற்ற பிள்ளைகள் கேள்வி ஐந்தில் இருப்பார்கள்.

வாணி டீச்சர் அவளுடைய வகுப்பாசிரியர். நல்லவர், கண்டிப்பானவர், சிவப்பு மையைத் தாராளமாகச் செலவு செய்பவர். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரே வாசகம்: 'கையெழுத்தில் கவனம் தேவை.' அந்த வாசகம் மட்டும் முத்து முத்தாக இருக்கும். ஒருநாள் பள்ளி வாசலில் என்னைப் பார்த்துவிட்டு, "பத்திரிகையில எழுதுறவங்க மகள், எழுத்து இப்படி இருக்கலாமாங்க?" என்று கேட்டார்.

சுருக்கென்று இருந்தது. அவருக்காக இல்லை, எனக்காக. ஏனென்றால் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உடனே ஒரு தாய் என்ன செய்வாள்? யோசிப்பாளா? படித்துப் பார்ப்பாளா? சே. கடைக்குப் போய் நான்கு கோடு போட்ட நோட்டு ஆறு வாங்கினேன். தினமும் சாயங்காலம் ஒரு பக்கம். பள்ளி விடுமுறையில் இரண்டு பக்கம். அழிக்கும் ரப்பரை எடுத்து ஒளித்துவைத்தேன், அழிக்க வழியில்லை என்றால் ஒழுங்காக எழுதுவாளாம். பென்சிலில் மாட்ட மூன்று நிறத்தில் ரப்பர் பிடி. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "மெதுவா... கவனமா... தோளை ஆட்டாம..." என்று மேற்பார்வை வேறு. தும்மல் வருகிறவளிடம் தும்மாதே என்று சொல்வதற்கு ஒரு நாற்காலி, அதில் ஒரு மேலாளர்.

எழுத்து திருந்தவில்லை. நோட்டுகள் தீர்ந்தன. யாழினி பேசுவது குறைந்தது.

இத்தனைக்கும் அவள் பிறவிக் கதைக்காரி. குளியலறைப் பல்லிக்கு ஒரு குடும்பம் உண்டு, அதற்கு அலோர்ஸ்டாரில் சொந்தக்காரர்கள் உண்டு, அவர்கள் தீபாவளிக்கு வருவார்கள் என்று அரை மணி நேரம் சொல்வாள். கேட்டுக்கொண்டே நான் கறியைத் தீய்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை ஆண்டு இறுதித் தமிழ்த் தேர்வில், கட்டுரைத் தாளை வெறும் தாளாகக் கொடுத்துவிட்டு வந்தாள். பெயர் மட்டும் இருந்தது. அதிலும் ஓர் ஓட்டை.

"ஏம்மா ஒண்ணுமே எழுதல?" என்றேன்.

"எழுதினா அசிங்கமா இருக்கும். எழுதலன்னா சுத்தமா இருக்கும்ல."

கொஞ்ச நேரம் கழித்து, தட்டிலிருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "நான் போடோதானேம்மா?"

மலாய்க்காரப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் பள்ளி பஸ்ஸில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளும் வார்த்தை. முட்டாள். அதை அவள் கோபத்தில் சொல்லவில்லை, அழுகையிலும் சொல்லவில்லை. பேர் என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். ஆறு நோட்டு வாங்கிக் கொடுத்து நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்த ஒரே பாடம் இதுதான்.

அடுத்த வாரம் விடுப்புப் போட்டுவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போனோம். வரிசை, எண், இன்னொரு வரிசை, மூன்று மாதம் கழித்து ஒரு தேதி. கடைசியில் கை இயக்கத்துக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு சின்ன அறை. அங்கே புவான் நூர் என்ற மலாய்ப் பெண்மணி. யாழினியின் நோட்டுகளை ஒரு கட்டாக எடுத்துப் போயிருந்தேன், அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் எடுத்தார். என் முன்னால் வைத்தார்.

"நீங்கள் எழுதுங்கள்" என்றார் மலாயில். "காலையில் என்ன சாப்பிட்டீர்கள், எந்த வழியாக வந்தீர்கள். மூன்று நிமிடம். உங்கள் அழகான கையெழுத்தில்."

எனக்குள் ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்தது. பள்ளிக் காலத்தில் கையெழுத்துப் போட்டியில் கோப்பை வாங்கியவள் நான். சரி, பார்க்கட்டும்.

பிறகு அவர் யாழினியிடம் திரும்பினார். "உனக்குத் தோள் குலுங்கும்போதெல்லாம் அம்மாவின் முழங்கையைத் தள்ளு. கண் சிமிட்டும்போதெல்லாம் 'பாடாம்' என்று சொல். அப்படிச் சொன்னால் அம்மா கடைசி வார்த்தையை அழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும்."

யாழினியின் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சட்டப்படி அம்மாவை இடிக்க எத்தனை பிள்ளைகளுக்கு அனுமதி கிடைக்கிறது?

முதல் வரி கோப்பைக்கு உரிய வரி. இரண்டாவது வரியில் முதல் தள்ளல். 'தோசை' தாளின் ஓரத்துக்குப் போய்விட்டது. "பாடாம்." அழித்தேன். எழுதினேன். தள்ளல். மறுபடி "பாடாம்". பென்சிலை இறுக்கிப் பிடித்தேன். விரல் வலித்தது. மூன்றாவது வரியில் எழுதுவதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அடுத்த இடி எப்போது என்று உடம்பு முழுக்கக் காத்திருந்தது. காலையில் என்ன சாப்பிட்டேன் என்பதே மறந்துபோனது. நிமிடம் ஒன்றரைகூட ஆகியிருக்காது.

"கொஞ்ச நேரம் சும்மா இருக்க முடியாதா?" என்று மகளைப் பார்த்துச் சீறினேன்.

யாழினி கையை எடுத்துக்கொண்டாள்.

"இதையேதான்மா நீங்களும் என்னைக் கேப்பீங்க" என்றாள்.

குத்திக் காட்டவில்லை. அவளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது, அது என்னோடது. ஏதோ இருவரும் ஒரே கதையைப் படித்திருக்கிறோம் என்பதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் சொன்னாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. புவான் நூர் மேசை இழுப்பறையிலிருந்து டிஷ்யூ பெட்டியை எடுத்து நகர்த்தினார். அந்த இழுப்பறையில் அது எப்போதும் தயாராக இருக்கும் போல, என்னைப் போல நிறைய அம்மாக்கள் வந்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த நான்கு கோடு நோட்டைப் பழைய பேப்பரோடு சேர்த்துக் கட்டினேன். ரப்பரைத் திருப்பிக் கொடுத்தேன்.

மருத்துவமனையிலிருந்து பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள். தேர்வில் யாழினிக்கு அரை மணி நேரம் கூடுதலாக வேண்டும், தனி இடம் வேண்டும், நீளமான விடைகளை அவள் வாயால் சொல்ல, வேறொருவர் எழுதவோ டைப் செய்யவோ வேண்டும். டாக்டர் கையொப்பம், முத்திரை எல்லாம் பக்கா. கொண்டுபோய்க் கொடுத்தேன். தலைமையாசிரியை படித்தார், தலையாட்டினார், "பாப்போம்" என்றார். இந்த 'பாப்போம்' என்ற சொல்லில் எவ்வளவு பெரிய கிடங்கு இருக்கிறது தெரியுமா? போட்டால் எதுவும் திரும்பி வராது. நான்காம் ஆண்டும் பாதி தாண்டிவிட்டது. எழுதாத தாளுக்கு மதிப்பெண் போட முடியாது, மறுபடி வெறும் தாள் கொடுத்தால் ஆறு நிலைகளில் கடைசி நிலைதான் என்று வாணி டீச்சர் வருத்தத்தோடு எச்சரித்தார். எனக்கு நிலை பற்றிக் கவலையில்லை. அந்த வெறும் தாளைப் பார்த்து என் மகள் தன்னைப் பற்றி எடுத்துவைத்திருக்கும் முடிவு, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

கடைசியில், திருவிழா முடிந்த திங்கட்கிழமை, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு வரச் சொன்னார்கள். ஒரு பிள்ளை எப்படித் தேர்வெழுத வேண்டும் என்பதைச் சங்கம் ஏன் முடிவு செய்கிறது என்று கேட்காதீர்கள். நம் பள்ளிகளில் கூரை ஒழுகினாலும் சங்கம்தான், காற்றாடி சுற்றாவிட்டாலும் சங்கம்தான். தலைமையாசிரியைக்கும் பழியைப் பங்கு போட ஆள் வேண்டுமே.

அறைக்குள் போனால் தலைவர் நாற்காலியில் யார்?

மாணிக்கம் அண்ணன். இப்போது சட்டை, டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. கோயில் கமிட்டியிலும் அவர்தான், பள்ளிச் சங்கத்திலும் அவர்தான். நமக்கு ஆளுக்கா பஞ்சம்? ஆனாலும் எல்லா நாற்காலிக்கும் ஒரே ஆளைத்தான் உட்கார வைப்போம். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. சனிக்கிழமை அவர் என் முகத்தையா பார்த்தார்?

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா" என்று ஆரம்பித்தார். தப்பாகத்தான் எதையோ சொல்லப் போகிறார் என்று பொருள். "ஒரு பிள்ளைக்கு மட்டும் அரை மணி நேரம் கூட குடுத்தா, மத்த பேரண்ட்ஸ் நாளைக்கு வந்து என்னைக் கேப்பாங்கலா. அது மட்டும் இல்ல. என் பையனும் அதே கிளாஸ்தான். பின்னால ஒரு பொம்பளப் பிள்ள சத்தம் குடுத்துக்கிட்டே இருக்குது, படிக்க முடியலன்னு சொல்றான். அது உங்க பிள்ளைதானா?"

"ஆமாண்ணே."

"கொஞ்சம் கண்டிச்சு வளத்தா சரியாயிரும்மா. நாங்கள்லாம் அடி வாங்கித்தானே வளர்ந்தோம்."

கையில் கடிதத்தின் நகல் இருந்தது. நரம்பு மண்டலம், மருத்துவ அறிவுரை, பிள்ளைகளின் உரிமை என்று இரவெல்லாம் தயார் செய்த ஒரு பேச்சும் இருந்தது. எல்லாவற்றையும் மடித்துவைத்தேன்.

"அண்ணே, சனிக்கிழமை கோயில்ல ஒரு பிள்ளையைக் கும்பிட்டீங்களே... நாலு நம்பர் கேட்டீங்களே... அந்தச் சாமிதாண்ணே இது. தேர்வுல அரை மணி நேரம் கூட கேக்குது."

தலைமையாசிரியை தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து குடிக்க ஆரம்பித்தார். வெகு நேரம் குடித்தார். வாணி டீச்சர் கூரையில் எதையோ தேடினார். மாணிக்கம் அண்ணன் கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கடிதத்தைப் பார்த்தார்.

"அது வேற, இது வேறம்மா" என்றார்.

"என்னா வேறண்ணே? அதே தோள், அதே கழுத்து, அதே சத்தம். அங்க மேளம் இருந்துச்சு, இங்க இல்ல."

கோயில் வாசலிலிருந்து பள்ளி வாசலுக்குச் சாலையைத் தாண்டினால் போதும். அந்தப் பக்கம் குலுங்கினால் தாயே. இந்தப் பக்கம் குலுங்கினால் கண்டித்து வளர்க்காத தாய். ஒரு சாலை அகலத்தில் என் பிள்ளை தெய்வத்திலிருந்து தொல்லையாகிவிடுகிறாள். இரண்டு பக்கமும் அவளை யாரும் பிள்ளையாகப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு வந்த ஆத்திரம். இதையும் சொன்னேன், இவ்வளவு கோவையாக இல்லை.

மாணிக்கம் அண்ணன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"வலிக்குமாம்மா பிள்ளைக்கு?" என்றார் கடைசியில்.

இந்த இரண்டரை வருடத்தில் வெளியாள் ஒருவர் என்னிடம் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"சில நாள் கழுத்து வலிக்கும்ணே. தைலம் தேய்ச்சு விடுவேன்."

"ம்." தலைமையாசிரியையின் பக்கம் திரும்பினார். "டீச்சர், ஒரு தடவ செஞ்சு பாப்போம்லா. வியாழக்கிழமை கட்டுரைச் சோதனை இருக்குன்னு பையன் சொன்னான். அதுல பாப்போம்."

மனிதர் திருந்திவிட்டார் என்று நெகிழ்ந்துவிடாதீர்கள். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது என்னைத் தனியாக ஓரம் கட்டினார். "ஏம்மா, அன்னிக்கு பிள்ளைக்குத் தோள் மொத்தம் எத்தன தடவ ஆடுச்சு? நான் எண்ணினதுல நடுவுல விட்டுப்போச்சு."

வியாழக்கிழமை வந்தது. தலைப்பு என்ன தெரியுமா? 'நான் ஒரு பென்சில்.'

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். தன்கதை எழுதாமல் யாரும் இந்த நாட்டில் ஆறாம் ஆண்டைத் தாண்டியதில்லை. நான் ஒரு பென்சில், நான் ஒரு குடை, நான் ஒரு காலணி. எல்லாமே ஒரு தொழிற்சாலையில் பிறக்கும். லாரியில் ஏறிக் கடைக்கு வரும். ஒரு நல்ல எஜமானர் வாங்குவார். கடைசிப் பத்தியில் தவறாமல் குப்பைத் தொட்டியில் கிடந்து கண்ணீர் வடிக்கும். இத்தனை வருடமாக ஒரு பென்சில்கூடத் தப்பித்ததாக வரலாறு இல்லை.

நூலக அறையில் வாணி டீச்சர் தம் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிறார். யாழினி மேசையைச் சுற்றி நடந்துகொண்டே சொல்லியிருக்கிறாள். குலுங்கும்போது நின்று, குலுங்கி முடித்து, மறுபடி தொடர்ந்திருக்கிறாள். பள்ளி விடும் நேரத்தில் போனேன். டீச்சர் அச்செடுத்த தாளை என்னிடம் நீட்டினார். "வீட்டுல போய்ப் படிங்க" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீடு வரை யார் காத்திருப்பது? காரிலேயே படித்தேன். கடைசிப் பகுதியை அப்படியே தருகிறேன்:

'என் எஜமானி என்னை மிகவும் இறுக்கிப் பிடிப்பாள். ஏனென்றால் நான் குதிப்பேன். நான் குதித்தால் கோடு எங்கேயோ போய்விடும், தாள் கிழிந்துவிடும். உடனே எல்லாரும் அவளைத் திட்டுவார்கள். என்னை யாரும் திட்டியதில்லை. குதித்தது நான்தான், அவள் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. இன்று அவள் என்னை மேசையில் படுக்கவைத்து, நீ கொஞ்சம் ஓய்வெடு என்றாள். இப்போது எனக்கும் சேர்த்து அவளே பேசுகிறாள்.'

ஸ்டீயரிங்கில் தலை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தேன். அழுதேன். பாவமாக எழுதக் கூடாது என்றுதான் நிபந்தனை, நான் அழக் கூடாது என்று இல்லையே.

நிலை ஐந்து கொடுத்திருந்தார் வாணி டீச்சர். ஆறுதான் உச்சம். அந்த ஒன்று, பென்சிலைக் குப்பைத் தொட்டியில் போடாததற்காகக் குறைந்திருக்கலாம். ஆண்டு இறுதித் தேர்வுக்கும் இதே ஏற்பாடுதான் என்று தலைமையாசிரியை வாய்மொழியாகச் சொல்லிவிட்டார். எழுத்தில் கொடுங்கள் என்று நான் கேட்டிருக்கிறேன். 'பாப்போம்' என்றார்.

பின்சீட்டில் யாழினி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச தூரம் போனதும் முன்னால் எட்டி வந்தாள்.

"அம்மா, நான் வாயாலதானே சொன்னேன். டைப் பண்ணது டீச்சரு. அப்ப இது நான் எழுதுனதா, இல்லையா?"

வாசகர்களே, உங்களிடம் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது. இந்தப் பத்தியை நான் கையால் எழுதிப் பல வருடம் ஆகிறது. தினமும் காலையில் பெண்டாங்கிலுள்ள என் அலுவலகத்துக்குக் காரில் போகும்போது, சாலையைப் பார்த்துக்கொண்டே வாயால் சொல்வேன். ஃபோன் கேட்டு எழுதிக்கொள்ளும். 'உங்கள் எழுத்துக்கு நான் அடிமை' என்று கடிதம் போடுகிறீர்களே, அந்த எழுத்து இப்படித்தான் வருகிறது.

"நீ எழுதினதுதான்டி" என்றேன். "அம்மாவும் இப்படித்தான் எழுதுறேன்."

என்னிடம் மட்டும் இதுவரை யாரும் டாக்டர் லெட்டர் கேட்டதில்லை.